அப்பாவின் பதினோரு நோட்டுகள்: வேடந்தாங்கல், கோடியக்கரை, கூந்தன்குளம்

அப்பா போன ஆடியில் தவறினார். துக்க வருஷம் என்பதால் இந்தத் தைக்கு வீட்டில் பானை ஏறவில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் ஏறி இறங்கியவர் அவர். 2009-இல் ஓய்வு பெற்றதும் எட்டுக்கு நாற்பது (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) பைனாகுலர் ஒன்றும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கினார். அந்த நோட்டு பதினொன்றாகப் பெருகியது. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு வருஷம் தவறாமல் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நின்றிருப்பார். அதில் மூன்று இடங்கள் அவருக்கு மனசுக்கு நெருக்கம். அந்த மூன்றுக்கும் இந்த 2025 பொங்கலில் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அம்மா, தங்கை, அவள் மகன், நான் என நான்கு பேர் போய் வந்தோம்.

ஜனவரி 13, போகி. வேடந்தாங்கல், கரிக்கிலி

படாளம் கூட்டுரோட்டில் திரும்பும்போது மணி ஆறேகால். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மார்கழிப் பனியோடு ஊர் ஊராக எரித்த பழம்பாய், டயர் புகையும் சேர்ந்துகொண்டது. காற்றே இல்லாத குளிர்காலையில் புகை மேலே எழும்பாது, ஏரிப் பள்ளத்தில் அப்படியே படுத்துக்கொள்ளும். ஐந்தாவது நோட்டில் அப்பா தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்: "போகியன்று காலை வேண்டாம். 9 மணி வரை கண் தெரியாது. மாலை 4-க்கு மேல் வா."

டீக்கடை பெஞ்சில் காத்திருந்தோம். நாலு இட்லியும் வடகறியும் 50 ரூபாய், டீ 12. வடகறியில் சோம்பு தூக்கலாக, நன்றாக இருந்தது. மேசையில் கிடந்த பைனாகுலர் உறையைக் கடைக்காரர் இரண்டு தரம் பார்த்தார். "இது சைக்கிள்ல வருவாரே, கரண்ட் ஆபீஸ் ஐயா, அவரோடதா?" அம்மா தலையாட்டினாள். எங்கள் எல்லோருக்கும் காசு வாங்கியவர், அம்மாவின் டீக்கு மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

பனி விலகும் வரை பேரனுக்குப் பைனாகுலர் பாடம். அப்பா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இது. முதலில் நடுக் கீலை மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் வரை பிள்ளையின் கண் அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி, தூரத்தில் ஒரு போர்டு எழுத்தை இடக்கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்க வேண்டும். அடுத்து இடக்கண்ணை மூடி, அதே எழுத்தை வலப்பக்கக் குழலில் உள்ள வளையத்தால் மட்டும் தெளிவாக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொடவே கூடாது, நடுச்சக்கரம் ஒன்றே போதும். பெரும்பாலானோர் இந்த வளையப் படியை விட்டுவிட்டு "தலை வலிக்குது" என்பார்கள். பறவையைத் தேடக் குழலை அங்குமிங்கும் ஆட்டுவதும் வீண். "மொதல்ல வெறுங்கண்ணால புடி. கண்ணை எடுக்காம கண்ணாடிய மேல தூக்கு" என்பார்.

பத்துக்கு ஐம்பது பெரியதாயிற்றே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பதில் ஒன்றுதான். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5, 50-ஐ 10-ஆல் வகுத்தாலும் 5. கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்ச வட்டம் இரண்டிலும் 5 மில்லிமீட்டர்தான். கூடுவது எடையும் கைநடுக்கமும். மூன்று மணி நேரம் தூக்கிப் பிடிக்க எட்டே போதும்.

பத்து மணிக்குப் பக்கத்து ஏரியான கரிக்கிலி போனோம். புயல் மழையில் ஏரி நிறைந்து, உபரிநீர் வழியும் கலங்கல் வரை தண்ணீர். பார்க்க அழகுதான், வாத்துக்கு ஆகாது. ஊசிவால் வாத்து தலையைக் கவிழ்த்து, வாலை மேலே நீட்டி, அடிமண்ணில் மேயும். கழுத்துக்கு எட்டாத ஆழத்தில் அதற்கு வேலையில்லை. உள்ளான்களுக்கோ கணுக்கால் தண்ணீரும் சேறும் வேண்டும். ஏரி தளும்பும் வருஷங்களில் கரிக்கிலிக் கணக்கு இறங்குவதும், மதகின் ஐந்தாம் படி வெளியே தெரியும் வருஷங்களில் ஏறுவதும் நோட்டைப் புரட்டினால் பளிச்சென்று தெரிகிறது. நீர்மட்டத்துக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் மதகுப் படிதான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, வந்த நேரம், போன நேரம், காற்று, "படி 3 தெரிகிறது". இது இல்லாமல் எண்ணிக்கை மட்டும் எழுதினால் பத்து வருஷம் கழித்து அதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

எழுதியதெல்லாம் பென்சில். பேனா மை பனியில் ஊறி, அடுத்த பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

மாலை நான்கரைக்கு வேடந்தாங்கல். பகலில் வயலுக்குப் போனவை கூடு திரும்பும் நேரம். நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, நத்தைக்குத்தி நாரைகள் குச்சியும் இலையுமாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. நத்தைக்குத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் என்பார்கள். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. அதைப் பார்த்து வேறு நாரை என்று எழுதிவிடக் கூடாது என்று இரண்டாவது நோட்டின் ஓரத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

கூட்டத்தை அவர் எண்ணிய விதம்: முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து, கண்ணாடி வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனசில் வாங்கு. அதே அகலத்தைப் பத்து முறை தள்ளினால் நூறு. நூறு ஆனதும் வலது பாக்கெட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டையை இடது பாக்கெட்டுக்கு மாற்று. யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கொட்டை மறக்காது. பிழை வருவது மூன்று இடத்தில். பெரிய கூட்டத்தைக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். மரத்தின் மறுபக்கத்தில் இருப்பவை விட்டுப்போகும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் எல்லாம் எழும்பி இடம் மாறிவிடும், எண்ணியதையே மறுபடி எண்ணுவோம். அப்படி எழும்பினால் அதுவரை எண்ணியதை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

இன்று நத்தைக்குத்தி பன்னிரண்டு கொட்டை. கூழைக்கடா 168. கரண்டிவாயன் 41.

சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்துக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இலேயே காவல் உரிமை எழுதி வாங்கியவர்கள். எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம். அது பாய்கிற நிலத்துக்காரரிடம் அப்பா கேட்டு எழுதியிருக்கிறார்: "யூரியா பாதி போதுமாம்."

ஜனவரி 14, பொங்கல். கோடியக்கரை

சிதம்பரத்தில் இரவு தங்கி, விடியும் முன் கிளம்பினோம். பொங்கலன்று சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் நாகப்பட்டினம் தாண்டி வேதாரண்யம் வரை பெட்டிக்கடை பிஸ்கட் தவிர எதுவும் கிடைக்காது என்று நினைக்கவில்லை. பதினொன்றரைக்குக் கோடியக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு வீட்டு வாசலில் கடை ஏதாவது உண்டா என்று விசாரித்தோம். அந்த வீட்டம்மா எங்கள் நெற்றியையும் அம்மாவையும் பார்த்தார்.

"துக்கமாம்மா?"

"ஆமா தாயி. வீட்டுக்காரர்."

"உங்க வீட்லதானே வைக்கக் கூடாது. எங்க வீட்டுது திங்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? வந்து உக்காருங்க."

திண்ணையில் இலை போட்டார். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பறங்கிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு. வெல்லம் நல்ல கறுப்பு வெல்லம். அம்மா ஆறு மாதத்தில் முதல் தடவையாக இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது பேரன் கையில் பத்து ரூபாய் நோட்டு வைத்தார் அந்தம்மா. நாங்கள் கொடுத்தது எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

மதியம் சரணாலயக் காடு. 1967-இல் அறிவிக்கப்பட்டது. வெளிமானுக்காகவே வந்தது என்று சொல்லலாம். முறுக்குக் கொம்போடு மேல்பக்கம் கறுத்தது முதிர்ந்த ஆண். கொம்பில்லாமல் மண்நிறத்தில் இருப்பவை பெண். ஒரு கூட்டத்தில் கறுப்பு ஒன்றிரண்டுதான் தெரியும். இளம் ஆண்களும் மண்நிறமாகவே இருப்பதால், நிறத்தை விட்டுக் கொம்பைப் பார்த்தே எண்ண வேண்டும். திறந்த புல்வெளியைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டு வருவது அப்பாவுக்குப் பெரிய வருத்தம். வெளிமான் ஓடித் தப்பிக்கும் விலங்கு, அதற்குப் பார்வை மறையாத வெளி வேண்டும். ஏழாவது நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இதுதான்.

மாலையில் கடற்கரைச் சேறு. நேற்றுப் பௌர்ணமி, ஆகையால் ஏற்றம் நன்றாக இருந்தது. பாக் நீரிணைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய உயர வித்தியாசமில்லை. ஆனால் கரை தட்டை. ஓரடி தண்ணீர் ஏறினாலே பெரும் பரப்புச் சேறு மூழ்கிவிடும், தூரத்தில் புள்ளியாக மேய்ந்த உள்ளான்கள் தாமாகவே நம் பக்கம் தள்ளப்பட்டு வரும். வற்றத்தில் போய்ச் சேற்றில் துரத்துவதைவிட ஏற்றத்தில் போய் உட்கார்ந்திருப்பது மேல். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான், எடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆர்க்டிக் பக்கத்துத் துந்திரத்தில் (மரமில்லாப் பனிவெளி) முட்டையிட்டு இங்கே பனிக்காலம் கழிக்க வருகிறது. அதன் காலில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது இந்த ஊரில் கட்டாயம், ஏனென்றால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல்லாண்டாக வலைபோட்டு வளையமிட்டு வருகிறார்கள். வளையம் தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், மேலா கீழா என்று மூன்றையும் எழுத வேண்டும். இன்று ஒன்றும் தென்படவில்லை.

வேதாரண்யத்தில் அறை 900 ரூபாய், வெந்நீர் இல்லை. உப்புக்காற்று பட்ட பைனாகுலரை ராத்திரியே துடைக்காவிட்டால் திருகு இறுகிவிடும். ஈரத்துணியைப் பிழிந்து அதன் உடலை மட்டும் துடைத்தோம். கண்ணாடிக்கு முதலில் மெல்லிய தூரிகை, அப்புறம்தான் துணி. மணல் ஒட்டியிருக்கும்போது வேட்டி நுனியால் துடைத்தால் ஒரே இழுப்பில் கோடு விழும். உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மணிகளை வாணலியில் மிதமான தீயில் நீலமாகும் வரை வறுத்து மறுபடி கட்டுவார். நம் கடலோரங்களில் லென்சுக்குள் பூஞ்சை வராமல் பதினைந்து வருஷம் ஓடியது இதனால்தான். அந்த வாணலியை அம்மா சமையலுக்குச் சேர்ப்பதில்லை.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். உப்பளம், பிறகு நீண்ட சாலை

பூநாரையை ஒன்பது மணிக்குள் எண்ணி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் உப்பளத்தின் மேல் கானல் ஆடும். கால்கள் உருகி, இரண்டு பறவை ஒன்றாகித் தெரியும். ஆறரைக்கே போய்விட்டோம். வரப்பு ஈரக் களிமண், செருப்பு வழுக்கியது. தங்கை ஒரு முறை முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் இறங்கி எழுந்தாள்.

பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேயும். நாக்கைப் பம்பு போல அடித்து, சேற்றுநீரை அலகின் ஓரச் சல்லடையில் வடிக்கும். அதனால் மேயும் கூட்டத்தில் தலை எண்ண முடியாது, உடலைத்தான் எண்ண வேண்டும். எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பறவையே சொல்லிவிடும். தலைகள் நிமிர்ந்தால் நாம் வந்ததைக் கவனித்துவிட்டன, நிற்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அதிகமாக நெருங்கிவிட்டோம், குனிந்து பின்வாங்க வேண்டும். பறக்கவிட்டால் அன்று அந்தப் பாத்தியில் அவற்றின் காலைச் சாப்பாடு போச்சு. படம் எடுக்க ஓடுகிறவர்களிடம் அப்பா கோபித்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

இன்று 640. நோட்டில் இதே இடத்தில் 2014-இல் எழுதியிருப்பது: "பூநாரை 1,100. அவளுக்கு முழங்கால் வலி, பாதி வரப்போடு திரும்பினோம். மீதியை நாளை." "அவள்" அம்மாதான். மறுநாள் தேதியில் மீதியும் இருக்கிறது. பதினோரு நோட்டிலும் இப்படித்தான். பறவைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே பத்தியில். "கிளுவை 75. சின்னவளுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது." "பாம்புத்தாரா 9. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது."

பத்து மணிக்குத் திருநெல்வேலி நோக்கி. வழியெல்லாம் கொம்பில் வண்ணம் பூசிய மாடுகள், வண்டி ஊர்ந்தது. தொண்டி தாண்டிப் பின் டயரில் ஆணி. மாட்டுப் பொங்கலன்று பஞ்சர் கடை எங்கே திறந்திருக்கும்? டிக்கியில் அப்பா வாங்கிப் போட்டிருந்த பஞ்சர் ஒட்டும் பெட்டி இருந்தது, மூடியின் உள்பக்கத்தில் அவர் கையெழுத்தில் செய்முறையும். சாமான் எல்லாம் கையில் தயாராகும் வரை ஆணியைப் பிடுங்காதே. பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார், அரத்தையும் ஊசியையும் அதே சாய்வில் விடு. நேராகக் குத்தினால் உள்ளே இன்னொரு வழி திறந்து, காற்று கசிந்துகொண்டே இருக்கும். அரத்தைப் பத்துமுறை ஏற்றி இறக்கு. ரப்பர் திரியை ஊசிக்காதின் நடுவில் கோத்து, பசை தடவி, ஓர் அங்குலம் வெளியே நிற்கும்படி அழுத்தி, ஊசியை மட்டும் சட்டென்று இழு. சோப்புத் தண்ணீர் ஊற்று. குமிழி வரவில்லை என்றால் திரியை ஒட்ட நறுக்கு. நாற்பது நிமிடம் ஆனது. வயலில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி கேட்காமலேயே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திருநெல்வேலி சேர இரவு ஒன்பதரை. புரோட்டா, சால்னா. வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

ஜனவரி 16, காணும் பொங்கல். கூந்தன்குளம்

மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனோம். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து நிறையும் குளம். 1994-இல் சரணாலயமானது. காணும் பொங்கலுக்கு மற்ற ஊர் நீர்நிலைகளில் ஸ்பீக்கர் அலறும். இங்கே கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. தெருவுக்குள் வேப்பமரத்திலும் வீட்டு முற்றத்து மரத்திலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. வாசலெல்லாம் எச்சம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"தீவாளிக்கும் வெடி போட மாட்டோம்லா அண்ணாச்சி" என்றார் கரையில் நின்ற பெரியவர். "குஞ்சு பயந்து வுழுந்துரும். வுழுந்தா எடுத்து மீனு போட்டு வளத்து விடுவோம்." நோட்டை வாங்கிப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "இந்தக் கம்பத்த மாத்தச் சொல்லி மனு எழுதிக் குடுத்தாவளே, அவியளா?"

அந்தப் பக்கத்தில் ஒரு கம்பத்தின் படம், பென்சிலில். பறவை ஒரே கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் உடல் வழியாக மின்சாரம் ஓடாது. நாரைக்கு இறக்கை விரிப்பு சுமார் ஒன்றரை மீட்டர். கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும்போது, நுனி கம்பியில் பட்டால், பூமியோடு தொடர்புள்ள சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே உடலே பாலமாகிவிடும். பனியில் நனைந்த இறகு இன்னும் ஆபத்து. கூடு மரத்துக்கு அருகிலுள்ள கம்பங்களில் மட்டும் கம்பிக்கு உறை போட்டால் போதும் என்று அளவோடு வரைந்திருக்கிறார். வாழ்க்கை முழுவதும் அதே கம்பத்தில் ஏறியவர் என்பதால் அந்தப் படத்தில் ஒரு கோடுகூட அதிகம் இல்லை.

மனு என்ன ஆனது என்று பெரியவருக்கு நினைவில்லை. மாலையில் அவர் வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி வந்தது.

ஜனவரி 17. கூந்தன்குளம், காலை

வரித்தலை வாத்துக்காக ஐந்தரைக்குக் கரையேறினோம். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டு, இமயத்தைத் தாண்டி வருபவை. வெண்தலையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டை. இரவில் வயலில் மேய்ந்து, விடிந்ததும் குளத்துக்குத் திரும்பும். தண்ணீரில் இறங்கிய பிறகு ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும், எண்ணுவது கஷ்டம். வானத்தில் சரம் சரமாக வரும்போதே எண்ணிவிட வேண்டும். கிழக்கே முதுகைக் காட்டி நின்றால் வெயில் பறவையின் மேல் விழும், பட்டை தெரியும். முதலில் குரல் வரும், அரை நிமிடம் கழித்துச் சரம் வரும். பேரன் சரங்களை எண்ணினான், புளியங்கொட்டை அம்மாவின் கையில். பதினோராவது நோட்டில் அப்பா விட்ட இடத்துக்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது. பென்சிலைப் பேரனிடம் கொடுத்தோம். அவன் எழுதியது:

17.1.2025. கூந்தன்குளம். காலை 5.40 முதல் 8.50 வரை. காற்று வடகிழக்கு, மெதுவாக. படி 2 தெரிகிறது. வரித்தலை வாத்து 287. மஞ்சள்மூக்கு நாரை 430. கூழைக்கடா 96. கரண்டிவாயன் 22. பாட்டி முழுக்கரையும் நடந்தாங்க.